ரதி கட்டிய என் கூறைச் சேலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி பிறந்தால் காமன் கூத்து. அதில் ரதி வேஷம் கட்டுவதும் ஆண், புருஷனை இழந்து அழுவதும் ஆண். எனக்குக் கல்யாணமான காலத்திலிருந்து என் வீட்டுக்காரர்தான் ரதி. என் கூறைச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு ஆடுவார்.

போன ஐப்பசியில், பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டும் குழி ஒன்று சரிந்து அவர் போய்விட்டார். மழையில் மண் ஊறிக் கிடக்கிறது, இறங்க வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

இந்த மாசியில் கொழுந்தன் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, இந்த வருசம் நான்தான் ரதி. அந்தச் சேலையத் தாங்க. அதுதான் ராசியான சேலைன்னு மாஸ்டர் சொல்றாரு."

மாஸ்டர் என்றால் கூத்து பழக்குகிறவர். எடுத்துக் கொடுத்தேன்.

கூத்தன்று சாயங்காலம் தப்பு அடித்துக்கொண்டு ரதியும் மன்மதனும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வாசல் வாசலாக வந்தார்கள். பெண்கள் தாம்பாளத்தோடு நின்று ரதிக்குப் பொட்டு வைத்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் மாஸ்டர் தேங்காய் உடைத்தார். நானும் தேங்காய், வெற்றிலை, குங்குமத்தோடு நின்றேன். பக்கத்து வாசலில் நின்று ஆடிய கூத்துக்காரர்கள் என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சேலை மட்டும் என் கண்ணெதிரே போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் இந்த ரதி? சிவன் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று புருஷனிடம் கெஞ்சியவள். அவன் போனான், எரிந்து சாம்பலானான். இவள் விடாமல் வாதாடியதும் சிவன் அவனைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் இவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவானாம். இதைப் பெரிய வரம் என்று ஆண்கள் பாடுகிறார்கள். ரதியை யாராவது கேட்டார்களா? ஊர்க் கண்ணுக்கு அவள் முண்டச்சிதானே. எந்த வாசலில் அவளை நிற்க விடுவார்கள்?

தட்டோடு போய்க் குறுக்கே நின்றேன். தப்பு ஓய்ந்தது.

"ஏம்மா, நல்ல காரியத்துல குறுக்க வர்ற?" என்றார் மாஸ்டர்.

"ராவைக்கு இவ புருசன எரிக்கப் போறீங்கதானே? விடிஞ்சா இவளும் நானும் ஒண்ணுதான். இவளுக்கு மட்டும் லயமே சேந்து அழுவீங்க. என் கை ஆகாதுன்னா என் சேலையும் ஆகாது. கழட்டிக் குடுங்க."

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நடக்கச் சொல்லி மாஸ்டர் கொழுந்தனுக்குக் கை காட்டினார். அவன் அசையவில்லை. பிறகு மெதுவாகத் திரும்பி என் வாசலுக்கு வந்து தலையைக் குனிந்தான்.

"வைங்க அண்ணி."

வைத்தேன். கோபத்தில் பொட்டு கோணலாகத்தான் விழுந்தது. அதற்குள் மாஸ்டர் நகரப் பார்த்தார்.

"தேங்கா இருக்கு. ஒடைச்சிட்டுப் போங்க" என்றேன்.

மற்ற வாசல்களில் உடைத்தது போலவே, என் வாசலிலும் அவர்தான் உடைத்தார்.