முகக்கவசத் தம்பி

ஒரெஸ்ட் டேனிலுக் கனடாவின் சஸ்காட்செவனில் காலமெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். "ஊர் ரோட்டையெல்லாம் வழிச்சுத் தள்றீங்க, நம்ம வாசல்ல மட்டும் முழங்கால் பனி" என்று மனைவி நாடியா இடித்துக் காட்டாத குளிர்காலமே கிடையாது. மனுஷன் சிரித்துக்கொண்டே பீட்ரூட் சூப்பைக் குடிப்பார்; வாசலைத் தொடமாட்டார்.

மறதி முற்றிப்போய் நாடியாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தது கொரோனா காலத்தில். பார்க்க வருகிறவர்கள் முகக்கவசம், மேலங்கி, கையுறை எல்லாம் மாட்டினால்தான் உள்ளே விடுவார்கள். வாசலில் நிற்கும் பணிப்பெண் ரொவீனா வாய்த்துடுக்குக்காரி.

"மூக்கு வெளிய எட்டிப் பாக்குது பெரியவரே. அதையும் உள்ள போடுங்க."

"இந்த மூக்கைப் பாத்துத்தான் அவ என்னைக் கட்டிக்கிட்டா. ஒரே நிமிஷம் கழட்டிக் காட்டிடறேனே. நான்தான்னு அவளுக்குத் தெரியட்டும்."

ரொவீனாவின் துடுக்கு அடங்கிவிட்டது. "போன மாசம் இந்த வராந்தாவுலேருந்து மூணு பேரைத் தூக்கிட்டுப் போனாங்க. கேக்காதீங்க."

நியாயம்தான். ஆனால் நியாயம் தெரிந்துவிட்டால் நெஞ்சு வலிக்காமல் இருக்குமா?

நாடியா அவரை அங்கே வேலை பார்க்கிற யாரோ என்று நினைத்தாள். "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். "என் வீட்டுக்காரர் எட்டியே பாக்கல தம்பி. பனி தள்ளப் போயிருக்கார்."

"வந்துடுவார் நாடியா."

அங்கே எல்லாரும் அவளை 'நாடியாம்மா' என்பார்கள். ஒரெஸ்ட் மட்டும் பிடிவாதமாகப் பேர் சொல்லியே அழைப்பார். முகக்கவசம் கழன்ற அன்றைக்கு அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தார்.

ஒருவழியாக விதியைத் தளர்த்தினார்கள். அன்று சவரம் செய்து, தலை வாரி, பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

"அடேயப்பா, மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க!" என்றாள் ரொவீனா.

நாடியா அவரைப் பார்த்ததும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "யாரு நீ? ரொவீனா! எவனோ உள்ள வந்துட்டான்! அந்தத் தம்பியக் கூப்பிடு!"

"நான்தான் நாடியா. ஒரெஸ்ட்."

கிட்டே போகப் போக அலறினாள். ஒரெஸ்ட் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். கதவோரப் பெட்டியில் இன்னும் முகக்கவசங்கள் மிச்சமிருந்தன. ஒன்றை எடுத்து, யாரும் சொல்லாமலே மூக்கையும் மூடி மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார்.

நாடியாவின் முகம் தெளிந்தது. "வந்துட்டியா தம்பி! எவனோ வந்து பயமுறுத்திட்டான்." அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர் வந்தா, வாசல்ல பனி கிடக்குன்னு சொல்லு."

"சொல்றேன் நாடியாம்மா" என்றார் ஒரெஸ்ட். "இன்னிக்கே தள்ளச் சொல்றேன்."