தகுதி என்று கொட்டை எழுத்தில் போட்டவன்

‘பிள்ளையை நன்கு தயார்படுத்தி அழைத்து வரவும்’ என்று பெற்றோருக்கு நோட்டீஸ் எழுதினால், குளிப்பாட்டி, தலை சீவி, இரண்டு போட்டோவும் ரேஷன் கார்டு நகலும் எடுத்துக்கொண்டு வருவார்கள் என்றுதான் நான் நம்பினேன். அந்த முட்டாள்தனத்தைக் கட்டுக் கட்டாக ஜெராக்ஸ் போட்டு கோம்பை, தேவாரம், சுருளிப்பட்டி என்று பள்ளி பள்ளியாக அனுப்பியதும் நான்தான். தலைப்பு ‘தகுதி மதிப்பீட்டு முகாம்’. அதில் தகுதி என்ற சொல் மட்டும் கொட்டை எழுத்தில். பார்க்க லட்சணமாக இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்து என்று ஞாபகம். கணக்கு வாத்தியாராக நிம்மதியாக இருந்தவனை வட்டார வள மையத்துக்கு மாற்றி, காதிலோ கண்ணிலோ கை காலிலோ குறை உள்ள பிள்ளைகளைப் பள்ளிகளில் தேடிப்பிடித்து டாக்டர் முன்னால் நிறுத்தும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்கு அடையாள அட்டை, கருவி, தனியாகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் எல்லாம் கிடைக்கும். போடாவிட்டால் அடுத்த முகாம் அடுத்த வருஷம்.

முகாம் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. தேனியிலிருந்து வந்த காது டாக்டர் இறங்கியதுமே, மத்தியானம் ஆபரேஷன் இருக்கிறது, ஒரு மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்போதிருந்தே நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இரண்டு நாளாக நின்றுபோயிருந்த வாட்ச் என்பது பதினொன்றரைக்குத்தான் உறைத்தது.

நான் மிகவும் எதிர்பார்த்திருந்தது சுருளிப்பட்டியிலிருந்து வந்த ஒரு பிள்ளையை. நாலாம் வகுப்பு. கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் என்று டீச்சர் குறிப்பில் எழுதியிருந்தார். போன மாதம் அந்த வகுப்புக்குப் போய்ப் பின்னால் நின்று, “முட்டாய் வேணுமா?” என்று மெதுவாகக் கேட்டேன். வகுப்பே திரும்பிக் கையை நீட்டியது. அவள் மட்டும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது திமிர் இல்லை, காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அன்று அவளுக்கு ஹெட்போனை மாட்டினார்கள். பரிசோதனை செய்யும் பெண் மெஷினில் பொத்தானை அழுத்துவார். சத்தம் கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். தூக்கினாள். அடுத்ததற்கும் தூக்கினாள். கொசு முனகுகிற அளவுச் சத்தத்துக்கும் தூக்கினாள். அந்தப் பெண் தாளில் ‘இரு காதும் சரி’ என்று எழுதி டாக்டர் பக்கம் தள்ளிவிட்டார்.

காலையில் ஹெட்போனை மாட்டிப் பார்த்தபோது எனக்கே கேட்காத சத்தம் அவளுக்கு எப்படிக் கேட்டது? ஒருவேளை எனக்குத்தான் காது போய்விட்டதோ என்று ஒரு நிமிஷம் என் காதருகே சொடக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் அவளுடைய அம்மாவைக் கவனித்தேன். பரிசோதிக்கும் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். பொத்தானை அழுத்தினால் மெஷினில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரியும்போதெல்லாம் அம்மாவின் புருவம் ஏறியிருக்கிறது. புருவத்தைப் பார்த்துப் பிள்ளை கையைத் தூக்கியிருக்கிறாள். நாற்காலிகளை அப்படி எதிரும் புதிருமாகப் போட்டது யார்? பிளக் பாயின்ட் பக்கத்தில் இருக்கிறதே என்று நானேதான்.

டாக்டர் பேனாவைத் திறப்பதற்குள் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, இன்னொரு தரம் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். அந்த அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இருந்த பதற்றத்தில், “ஆத்தா, இதுல பெயிலானாத்தான் காது மெஷினு கெடைக்கும்” என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மகளிடம் போய் முகத்துக்கு நேராகக் கையால் ஏதோ சொன்னார்.

இரண்டாவது தரம் பிள்ளை எதற்கும் கையைத் தூக்கவில்லை. மெஷினை உச்சத்தில் வைத்தபோது கண்ணை மட்டும் சிமிட்டினாள். கை மடியை விட்டு நகரவில்லை. பரிசோதிக்கும் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மொதல்ல நூத்துக்கு நூறு, இப்ப முட்டை. நடுவுல பிள்ளைக்கு என்ன சார் பண்ணுனீங்க?”

டாக்டர் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால். இதை ஏற்க முடியாது, அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் என்றார். அடுத்த வருஷம் என்றால் இன்னொரு வருஷம் அந்தப் பிள்ளை திமிர் பிடித்தவள். பத்து நிமிஷம் தாருங்கள் என்று கேட்டுவிட்டு மறுபடியும் வராந்தாவுக்கு ஓடினேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

“பாசும் இல்ல, பெயிலும் இல்ல ஆத்தா. கேட்டாக் கையத் தூக்கட்டும், கேக்கலேன்னா சும்மா இருக்கட்டும். அம்புட்டுத்தான்.”

அவர் முந்தானையில் முடிந்திருந்த என் நோட்டீசை எடுத்துப் பிரித்தார்.

“அப்பறம் எதுக்கு சார் தகுதின்னு போட்டீக? தகுதி இல்லேன்னா பள்ளிக்கூடத்த விட்டு எடுத்து, மதுரையில ஊமைப்பிள்ளைக பள்ளிக்கூடத்துல கொண்டு போயி விட்டுருவாகன்னு தோட்டத்துல சொன்னாக. தயார்படுத்தச் சொன்னீகல்ல? வெளக்கு எரிஞ்சாக் கையத் தூக்கணும்னு போன வருஷம் முகாமுக்கு வந்தவுக சொன்னாக. பத்து நாளா தயார்படுத்துனேன் சார்.”

பத்து நாள். திராட்சை பறித்துவிட்டு வந்து, சாயந்தரம் மகளை எதிரே உட்காரவைத்துப் புருவத்தால் பாடம் நடத்தியிருக்கிறார். நான் பதினாலு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்ததில் யாரையும் இவ்வளவு நன்றாகத் தயார்படுத்தியதில்லை.

“எங்கனயும் அனுப்ப மாட்டாகல்ல?” என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். அவரே மகளிடம் மறுபடியும் கையால் ஏதோ சொல்லிவிட்டு, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் போய் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் பிள்ளையின் நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளை, வாயைப் பொத்திக்கொண்டால் முட்டாய் என்று பேரம் பேசி அடக்கினேன்.

மூன்றாவது தரம் அவள் சிலதற்குக் கை தூக்கினாள், பலதற்குத் தூக்கவில்லை. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, கருவி தேவை என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டார். அவருடைய கார் கிளம்பும்போது மணி ஒன்று இருபது.

கருவி நாலு மாதம் கழித்து வந்தது. அவள் ஐந்தாம் வகுப்பைச் சுருளிப்பட்டியில் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.