கருப்பசாமி வேலைக்கு ஃபிட்டா?

அறுபதுகளின் தொடக்கத்தில், மதுரையிலிருந்து மாதம் இரண்டு நாள் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் மனநல மருத்துவராக இருந்தேன். ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயர் பைத்திய டாக்டர். முதல் நாளே, விபத்துக்குப் பிறகு ஒரு தொழிலாளி வேலைக்கு ஃபிட்டா என்று டாக்டர் எழுதித் தரும் ஃபாரம் ஒன்று மேஜைக்கு வந்தது. விபத்தில் விரல் போனதா, கண் போனதா, கால் போனதா என்று வரிசையாகக் கட்டங்கள். மனசைப் பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. எனக்கு அப்போதே எரிச்சல் வந்துவிட்டது.

ஃபாரத்தோடு வந்தவர் கருப்பசாமி. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் ரூமில் பத்து வருஷமாக வேலை. இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து ரூம் வெடித்து அவருடைய தம்பி இறந்துபோனார். இவருக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. மறுபடி மருந்து ரூமுக்கு அனுப்பலாமா என்று நான் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் படித்திருந்தபடியே கேள்வி கேட்டேன். என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன வரும். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில். 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மடத்தனம்தான்.

அவர் வெளியே போனதும் மனைவி பொன்னுத்தாய் மட்டும் நின்றார்.

"டாக்டரய்யா, வீட்டுல சில நேரம் ஆளே இல்லாத மாதிரி இருக்காரு. கூப்பிட்டாலும் திரும்புறதில்ல. ஆனா பைத்தியம்னு மட்டும் எளுதிப்புடாதீக. கல்யாணத்துக்குப் பிள்ளை இருக்கு."

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு ஃபாரம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கம்பெனிக்கே போய்விட்டேன்.

வெடிமருந்துக்குப் பதிலாக மணலைச் சலிக்கச் சொன்னேன். கருப்பசாமியோடு இன்னும் இரண்டு பேர், ஆளுக்கொரு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஓட வேண்டும். அந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். கருப்பசாமியின் கை சுத்தமாக வேலை செய்தது.

அப்போது வெளியே வண்டியிலிருந்து ஒரு தகரப் பெட்டி விழுந்தது. மணல்தான் என்று தெரிந்தும் மற்ற இருவரும் பாய்ந்து வெளியே ஓடினார்கள். கருப்பசாமி சல்லடையைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். கண் இமைக்கவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீகளா டாக்டர்? மத்தவனுக தெறிச்சு ஓடுதானுக. இவன் அசையலையே! இம்புட்டு தைரியசாலி எங்க கெடைப்பான்? சீசன் நேரம், ஃபிட்னு எளுதிக் குடுங்க."

"ஓடுனவங்கதான் ஃபிட். இவரை உள்ளே விடக் கூடாது" என்றேன்.

கருப்பசாமி கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, வேற வேல எனக்குத் தெரியாது. தள்ளிராதீக."

ஆனாலும் எழுதினேன். மருந்து தொடும் எந்த வேலையிலும் விடக் கூடாது. லேபிள் ஒட்டவும் லோடு சரிபார்க்கவும் விடலாம். இது விபத்தால் வந்த நோய். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பைத்தியம் என்ற சொல்லை எழுதவில்லை.

"கையும் காலும் நல்லாருக்கவனுக்கு என்னங்க ஊனம்? ஃபாரத்துல அதுக்கு எடமே இல்லையே" என்றார் மேனேஜர்.

"அதான் ஓரத்துல எழுதியிருக்கேன். யார் கேட்டாலும் நானே வந்து பதில் சொல்றேன்."

அவர் பேப்பரை வாங்கவே இல்லை. நான் கருப்பசாமியிடம் திரும்பி, "பெட்டி விழுந்தப்போ ஏன் ஓடலை?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "என்னய்யா சொல்லுதீக? மொத ஆளா ஓடுனது நான்தான?"

மேனேஜர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கிக்கொண்டார்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். வந்தவர் நன்றாகப் பதில் சொல்கிறார் என்று உடனே பேனாவை எடுக்காதீர்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நான் நாரணாபுரம் போகாமல் இருந்திருந்தால், என் கையெழுத்தே அந்த மனிதரைக் கொன்றிருக்கும்.