காது மிசினும் ஒரு கயிறும்

கிட்ட வந்து இருங்கோ, இது சத்தம் போட்டுச் சொல்லுற கதையில்லை. இங்கே அமெரிக்காவில், மில்பிடாசில் பலசரக்குக் கடை வைத்த எனக்கு அரிசி பருப்பு விற்பது பாதி வேலை. சண்டைக் காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்துக்கு, ஊர் போகிறவர்களிடம் பார்சல் கொடுத்துவிடுவது மீதி வேலை. பார்சல் அனுப்பிவிட்டு நித்திரை வராமல் கிடந்தவைக்கு இது விளங்கும்.

சவர்க்காரம்

பக்கத்து ஊர் பிளசன்டனில் இருக்கிற டொக்டர் குணம், ஊரிலிருக்கிற தகப்பனுக்குக் காது மிசின் வாங்கினார். குண்டு போடுற பொம்மர் வருகிற சத்தம் கேட்டால்தானே கிழவர் பங்கர்க் குழிக்குள் ஓடலாம்? மிசினுக்குப் பற்றரி வேணும்; பற்றரிக்குத் தடை. டொக்டர் சவர்க்காரக் கட்டிகளைக் குடைந்து, பற்றரிகளை உள்ளே வைத்து மூடி, பார்சலை ஒட்டியே என்னிடம் கொண்டுவந்தார். தன் கெட்டித்தனத்தில் ஒரு சிரிப்பு வேறு.

ஊரைவிட்டு வந்து கனகாலம். சவர்க்காரமும் தடையென்று மனுசனுக்குத் தெரியாது. சோதனைச் சாவடியில் மிசினை விட்டுவிட்டுச் சவர்க்காரத்தைப் பறித்துக்கொண்டார்களாம். அரிசி வாங்க வந்த சென்னைத் தம்பி கேட்டான்: "ஏன் ஆன்ட்டி, சோப்பு கூடவா வெடிக்கும்?"

சந்தை

அடுத்து ஊர் போய் வந்தவர் டொக்டரின் தாயிடமிருந்து சேதி கொண்டுவந்தார். அதே மாதிரிப் பற்றரி சந்தையில் மறைவாக விற்குதாம். சனத்துக்குத்தான் தடை, விற்கத் தெரிந்தவனுக்கு அது நல்ல வியாபாரம். வாங்கச் சொல்லி மகன் கடிதத்தில் கெஞ்சியும், அப்படி விற்கிறவனுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றுவிட்டா அந்தத் தாய் மனுசி. தன் கையையும் கிழவர் கையையும் ஒரு கயிற்றால் இணைத்துக் கட்டிக்கொண்டு, சொல்லிவிட்டாவாம்: "நான் இழுத்தால் அவர் ஓடுவார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்ர வாய்க்குக் கேக்காத மனுசன், இப்ப கயித்துக்குக் கேக்கிறார்."

வீமன்

மாரிகாலத்தில் மனுசிக்குக் காய்ச்சல் வந்தது. மருந்தும் அதே தடைக்குள். மகன் இங்கே ஊராருக்கெல்லாம் மருந்து எழுத, தாய் அங்கே மருந்தில்லாமல் போனா. சேதி கொழும்பு சுற்றி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டொக்டர் கடைக்கு வந்து அரிசி மூட்டைமேல் குந்தி இருந்தார். அழவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். அப்பாவுக்கு இனி ஆர் கயிறு இழுக்கிறது என்று நான்தான் கேட்டேன். "வீமன், அக்கா. எங்கட நாய். பொம்மர் வந்தால் ஊரில முதலாவதாப் பங்கருக்குள்ள ஓடுறது அவன்தான்."

ஒரு பொத்தான் பற்றரி போய்ச் சேராமல் தடுக்க ஓர் அரசாங்கமே மினக்கெட்டது. மனுசியோ கண் மூடுகிறதுக்கு முதல் தன் கைக் கயிற்றை அவிழ்த்து நாயின் கழுத்தில் கட்டிவிட்டுப் போனா.