அதே பெயர், கார் சின்னம்

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவர் டிரைவிங் டீச்சர்தான். மெக்கானிக்கான கணவர் தட்டிக்கொட்டிச் சரிசெய்து தரும் இரண்டு பழைய கார்களை வைத்துப் பள்ளி நடத்தினார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்தியே அவர் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. கடைத்தெருவில் அந்தக் குரல் கேட்டால், பழைய மாணவர்களின் கால் தன்னையறியாமல் பிரேக்கைத் தேடும்.

அவர் தேர்தலில் நிற்பார் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி, கவுன்சிலர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். கவுன்சிலர் பெரிய கட்சிக்காரர். சொந்தமாக அட்டைப்பெட்டிக் கிடங்கு வைத்திருந்தவர். ஒரு நாள் அவர் சலித்துப்போய், "இவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே நின்னு ஜெயிச்சுப் போட்டுக்கோங்களேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

டீச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் சுயேச்சையாக மனுப் போட்டுவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் கணவர், காருக்கு அடியில் படுத்தபடி.

"ஆமா. போஸ்டர் ஒட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"ஒட்டித் தொலைக்கிறேன்."

சின்னம் ஒதுக்கிய அன்றுதான் முதல் அடி விழுந்தது. டீச்சரின் பெயரிலேயே இன்னொரு பெண்ணும் சுயேச்சையாக மனுப் போட்டிருந்தாள். டீச்சர் கேட்டிருந்த கார் சின்னத்தையே அவளும் கேட்டிருந்தாள். அதிகாரி சீட்டுக் குலுக்கினார். கார் அவளுக்குப் போனது. டீச்சருக்குக் குடை வந்தது. அவள் கவுன்சிலரின் கிடங்கில் பெட்டி ஒட்டுகிறவள் என்று தெரிந்தபோது டீச்சருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஓட்டைப் பிரிக்க நிறுத்திய ஆள்.

அதற்குப் பிறகு டீச்சர் வீடு வீடாகக் குடையை விரித்துக் காட்டினார்.

"உங்களுக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம் டீச்சர்? கார்தானே?"

"கார் இல்லைங்க. குடை, குடை!"

"சரி சரி, பார்த்துக்கறோம்" என்று கதவைச் சாத்துவார்கள். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

ஓட்டு எண்ணிய மண்டபத்தில் அதிகாரி ஒலிபெருக்கியில் வெற்றி பெற்றவரின் பெயரைப் படித்தார். டீச்சரின் பெயர்! கணவர் "ஹோ" என்று கத்திக்கொண்டே அவரைக் கட்டிப்பிடித்தார். கூட இருந்த தங்கை அழவே தொடங்கிவிட்டாள்.

"கார் சின்னம்" என்று முடித்தார் அதிகாரி.

கணவரின் கை அப்படியே தளர்ந்தது. டீச்சர் இரண்டாமிடம். கவுன்சிலர் மூன்றாமிடம். தான் தோண்டிய குழியில் தானே விழுந்த அவர், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி பேயறைந்தவர்போல நின்றார். ஜெயித்தவளோ மண்டபத்திலேயே இல்லை. ஆளனுப்பித் தேடியபோது கிடங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். "நானா? தப்பா வந்துட்டீங்க" என்று வந்தவர்களையே திருப்பி அனுப்பப் பார்த்தாளாம்.

சாயங்காலம் அவள் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விரல்களில் காய்ந்த பசை. உள்ளே உட்கார்ந்திருந்த டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, முதலாளி கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன். இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது."

"இப்ப என்ன சொல்றாரு உங்க முதலாளி?"

"அவரு காட்ற இடத்துல எல்லாம் கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா வேலை கிடையாதாம்."

கணவர் குறுக்கே வந்தார். "ராஜினாமா பண்ணிடும்மா. இடைத்தேர்தல் வரட்டும். இவளுக்கு விழுந்த ஓட்டு அது, ஊருக்கே தெரியும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்றுதான் டீச்சர் நினைத்தார்.

"மாட்டேன் அண்ணா" என்றாள் அவள், மெதுவாக. "முதலாளிகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். வேலை போச்சு. இன்னைக்குத்தான் என்னை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அதிகாரி எழுந்து நின்னு கையெழுத்து வாங்கினாரு. எனக்கு இந்தக் கவுன்சிலர் வேலை வேணும். உங்க ஓட்டுதான் அக்கா, இல்லேங்கல. என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க, செய்யறேன். ஆனா நாற்காலியை விட்டுத் தரமாட்டேன்."

மண்டபத்தில் விழுந்த இடியைவிட டீச்சருக்கு இது பெரிய இடி. கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

வழக்குப் போடலாம் என்று வக்கீல் சொன்னார். டீச்சர் பல நாள் யோசித்தார், கடைசியில் போடவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை போட்ட அன்று புதிய கவுன்சிலர் ஆள்விட்டு அழைத்தும் அவர் போகவில்லை.

ஆனால் முதல் மன்றக் கூட்டத்துக்கு மட்டும் போயிருந்தார். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வருகைப் பதிவில் பெயரைக் கூப்பிட்டார்கள். டீச்சர் பாதி எழுந்துவிட்டார். முன்வரிசையிலிருந்து "வந்திருக்கேன்" என்று இன்னொரு குரல் கேட்டது. கொஞ்சம் நடுங்கிய குரல்.

பக்கத்தில் இருந்தவர் திரும்பி, "உங்களையா கூப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"இல்ல, அவங்களை" என்று சொல்லிவிட்டு டீச்சர் உட்கார்ந்தார்.