திறந்த குழாயில் முப்பத்தேழரை

யோகநாதன் அண்ணை போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவர் எங்கள் முதலாளி. "பாவம், நல்ல மனுசன்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது. அதே வாயால்தான் அவரைக் கள்ளன் என்றவர்.

துறைமுகக் கரையில் சுழியோடிகளின் சிலிண்டர்களுக்குக் காற்றடிப்பது எங்கள் தொழில். பழைய முள்ளு மீற்றரைக் கழற்றிவிட்டு, உணரியும் திரையும் பூட்டியபோது கணக்கை எழுதித் தந்தவர் முதலாளி. கணினியில் ஏற்றியவன் நான். உணரி தரும் வோல்ட்டை எழுபத்தைந்தால் பெருக்கினால் அமுக்கம். இருநூறு வந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும்.

அன்றே, எங்களோடு காற்றடிக்கிற அண்ணை வெறும் குழாயைத் திறந்துவிட்டுத் திரையைக் காட்டினார். முப்பத்தேழரை!

"திறந்த குழாயில என்ன அமுக்கம்? இது சும்மா கிடக்கேக்கையே அரை வோல்ட் தருது. அதைக் கழிச்சுப்போட்டெல்லோ பெருக்கோணும். இல்லாட்டி இருநூறு எண்டு காட்டேக்க உள்ளுக்க நூற்றறுபத்திரண்டரைதான் இருக்கும்."

"மெசின் பொய் சொல்லாது. உன்ர வேலையைப் பார்" என்றார் முதலாளி. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அண்ணை திறந்த குழாயும் திரையும் சேரப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். "வைச்சிரு தம்பி, தேவைப்படும்."

கடைக்கு வந்த சுழியோடிகளிடமெல்லாம், "காத்துக் குறைவு, வெள்ளென மேல வாங்கோ" என்று சொல்லி அனுப்பினார். கிண்ணியா றமீசின் சிலிண்டர் முதலாளியின் வாகனத்தில் போனது. அவனுக்குச் சொல்ல ஆளில்லை. அடியில் காற்று முடிந்து ஒரே மூச்சில் மேலே வந்தவனுக்கு, இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்து இரண்டு காலும் வழங்காமல் போயிற்று.

அன்று பின்னேரமே முதலாளி கணக்கைத் திருத்திவிட்டார். விசாரிக்க வந்த பொலிசுக்குத் திரை சரியாகக் காட்டியது. யோகன் கள்ளன், அரைகுறையாய் அடித்து ஏமாற்றினான் என்று முதலாளி சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள். வேலை போய்விடுமென்று அப்போதும் நான் பேசவில்லை. என்னைப்போல ஒரு கோழை!

றமீசைப் பார்க்கப் போன அண்ணைக்கு அவன் முகங்கொடுக்கவில்லை. "பொலிசை விடு தம்பி. அவன் என்னை நம்பேல்லை, அதைத்தான் தாங்க ஏலாமக் கிடக்கு" என்றார். அதோடு வீட்டுக்குள் முடங்கியவர்தான்.

செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்த முதலாளி, "முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீயே நாலு நல்ல வார்த்தை எழுது" என்றார். எழுதுகிறேன், முதலாளி.

நேற்று றமீசிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான். "அவர் வந்தண்டைக்கு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தனான்" என்று விம்மினான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வழக்குப் போடுவம். நீங்க சாட்சி சொல்லுவீங்களா அண்ணன்?" என்றான்.

ஓம் என்றேன். கணக்கை ஏற்றிய என் கையையும் சேர்த்துச் சொல்வேன்.

அண்ணையை அறிந்தவர்களே, அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். திகதியும் நேரமும் அதிலேயே இருக்கின்றன. அடுத்த பக்கம் முழுவதும் அதைத்தான் போட்டிருக்கிறேன். முதலாளி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பாருங்கோ.