சுவரைத் தட்டிய அக்கா

பழைய துப்பறியும் கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்த தொடர் அது. "எல்லாத்தையும் போன்லயே கண்டுபிடிக்கிறான், இவனெல்லாம் துப்பறிவாளனா லா?" என்று ஞாயிறு மாலை தங்கையிடம் போனில் திட்டிக்கொண்டே பார்த்தேன். பக்கத்து வீட்டில் தனியே இருந்த ராஜம் அக்கா சுவரைத் தட்டினார். டிவி சத்தத்துக்குத்தான் தட்டுகிறார் என்று நானே துப்புத் துலக்கி, கோபத்தில் இன்னும் கூட்டி வைத்தேன். தட்டுவது நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் அவர் மகள் வந்து கதவைத் திறந்தபோதுதான், அக்கா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தது தெரிந்தது.

"டிவி சத்தம் கேட்டுச்சு. நீ வீட்ல இருக்கிறது தெரிஞ்சுதான் தட்டுனேன்," என்றார் மருத்துவமனையில். அடுத்த வாரமே இறந்துவிட்டார்.

இப்போது சுவரில் சிறு சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன். புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

- மல்லிகா, புக்கிட் மேரா